"வெறும் சிலிண்டர்" என்று ஒன்றில்லை

2024 ஓகஸ்ட் மாதம் நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, பல வருடங்களாகத் தட்டிக்கழித்து வந்த வேலையொன்றையும் செய்து முடிக்க வேண்டியிருந்தது. கனடாவில் வசிக்கும் அக்கா தனது வீட்டை வாடகைக்குக் கொடுக்கத் தீர்மானித்திருந்தார். அதற்கு முன்னர் வீட்டிலிருந்த பழைய பொருட்களை அகற்றும் பொறுப்பு என்மீது சுமத்தப்பட்டிருந்தது. குசினிக்குப் பின்னாலிருந்த சாமான் அறையைத் திறந்தபோது, கால் உடைந்த கதிரைகள், கறையான் அரித்த பாடப்புத்தகங்கள், ஈயம் போன பித்தளைப் பாத்திரங்கள் ஆகியவற்றுக்கு நடுவே துருவேறிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் நிறம் உதிர்ந்து போயிருந்தது. எந்தக் கம்பனியின் சிலிண்டர் என்பதைக்கூட வாசிக்க முடியவில்லை.

அந்தச் சிலிண்டருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு மண்ணெண்ணெயே அரும்பொருளாக இருந்தது. பனம்மட்டையும் ஊமலும் தென்னம்பாளையுமே அடுப்பெரித்தன. போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் தெற்கிலிருந்து வந்து குவிந்த பொருட்களுடன் எரிவாயு சிலிண்டர்களும் வந்தன. அத்தான் 2003 இல் ஒன்றை வாங்கினார். புகையில்லாத குசினியைக் கண்டு அக்கா அடைந்த மகிழ்ச்சி இன்னமும் என் நினைவில் இருக்கிறது. ஆனால் 2006 ஓகஸ்டில் மீண்டும் போர் மூண்டு ஏ9 வீதி மூடப்பட்டதும் மாற்றுச் சிலிண்டர் கிடைக்கவில்லை. எஞ்சியிருந்த வாயுவை அவசரத் தேவைக்கென்று சேமித்து வைத்துக்கொண்டு அக்கா மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பினார். 2007 இல் அவர்கள் நாட்டைவிட்டுப் புறப்பட்டுச் சென்றபோது அந்தச் சிலிண்டர் சாமான் அறைக்குள் போனது. பதினேழு வருடங்கள் அதை எவரும் தொடவில்லை.

வீட்டைத் துப்புரவு செய்வதை எப்படித்தான் அறிந்துகொண்டார்களோ, மறுநாள் காலையிலேயே பழைய இரும்பு வாங்கும் இளைஞர் ஒருவர் சிறிய லொறியுடன் படலையடியில் வந்து நின்றார். வன்னியைச் சேர்ந்தவர். முப்பது வயது இருக்கலாம். கட்டில் சட்டத்தையும் உடைந்த தண்ணீர்ப் பம்பையும் விலை பேசி ஏற்றிய பிறகு அவரது பார்வை சிலிண்டர் மீது விழுந்தது.

"ஐயா, உந்தச் சிலிண்டரையும் தாங்கோவன். வெறும் சிலிண்டர்தானே."

"கொண்டுபோய் என்ன செய்வியள் தம்பி?"

"கிணத்தடியிலை வைச்சு வால்வைத் திறந்துவிட்டா மிச்சம் கிடக்கிறது போயிடும். தண்ணியும் பக்கத்திலை இருக்கும். இரண்டு நாள் வெயிலிலை விட்டிட்டு கிரைண்டர் பிடிச்சா இரண்டு துண்டு. நாங்கள் எத்தினை வெட்டியிருக்கிறம்."

இதைச் சொல்லும்போது அவர் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்திருந்தார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இருக்கவில்லை. நான் கேட்காமலேயே அவர் சொன்னார். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் பழைய இரும்பு பொறுக்கப் போனபோது நேர்ந்ததாம். அவருடன் சென்ற சிநேகிதன் திரும்பி வரவில்லை. வன்னியில் வெடிக்காத வெடிபொருட்களை வெறும் கோதுகள் என்று நினைத்துத் தட்டிப் பார்த்தும் வெட்டியும் உயிரையும் அவயவங்களையும் இழந்தவர்களைப் பற்றிய செய்திகளை நான் பல தடவை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒரு செய்திக்குரிய மனிதர் எனது அக்காவின் வீட்டு முற்றத்தில் நின்று, மீண்டும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வெறும்."

சிலிண்டரைக் கொடுக்க முடியாது என்று சொன்னேன். விலை போதவில்லை என்று நினைத்துக்கொண்ட அவர் மேலும் 200 ரூபா கூட்டிக் கேட்டார்.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கணத்தில் என்னைத் தடுத்தது அறிவு அல்ல, அச்சம்தான். கலைப்பீடத்தில் படித்த எனக்கு இரசாயனம் க.பொ.த. சாதாரண தரத்துடன் முடிந்துபோன விடயம். ஆனால் 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாட்டின் பல பாகங்களிலும் வீடுகளில் எரிவாயு அடுப்புகளும் ரெகுலேட்டர்களும் வெடித்தபோது, அந்தச் செய்திகளை இரவிரவாகச் செம்மைப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின. உயிரிழப்புகளும் நேர்ந்தன. அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் நியமித்த குழு, சிலிண்டர்களில் அடைக்கப்பட்ட புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் விகிதம் மாற்றப்பட்டமையே பிரதான காரணம் என்று கண்டறிந்தது. சாதாரண வெப்பநிலையில் புரோப்பேனின் அமுக்கம் பியூட்டேனுடையதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமானது. பியூட்டேன் மிகுந்த கலவைக்குப் பழகியிருந்த குசினிகளுக்குள் புரோப்பேன் கூடிய கலவை வந்தபோது, எங்கெல்லாம் பலவீனமான இணைப்பு இருந்ததோ அங்கெல்லாம் கசிந்தது.

அன்று சிலிண்டரைத் தராசில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு சிலிண்டரின் மேற்பகுதியிலும் வால்வைச் சுற்றியுள்ள வளையத்தில் அதன் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பதே உள்ளேயிருக்கும் வாயுவின் எடை. துருவைச் சுரண்டி இலக்கத்தைக் கண்டுபிடித்து, வெங்காயம் நிறுக்கும் தராசொன்றை அயலிலிருந்து வரவழைத்து நிறுத்தோம். பொறிக்கப்பட்டிருந்த எடையைவிட 3 கிலோவுக்கு மேல் காட்டியது. பதினேழு வருடங்களுக்கு முன்னர் அக்கா அவசரத் தேவைக்கென்று சேமித்து வைத்த வாயு அங்கே அப்படியே இருந்தது.

இந்த 3 கிலோ என்ன செய்யக்கூடியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது அமுக்கத்தினால் திரவமாக்கப்பட்ட வாயு. வெளியே வந்ததும் அது ஏறத்தாழ 250 மடங்கு விரிவடைகிறது. 3 கிலோ திரவம் சுமார் ஒன்றரைக் கன மீற்றர் வாயுவாகும். அது காற்றில் வெறும் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடிய கலவை உருவாகிவிடுகிறது. அந்தக் கணக்கின்படி 70 கன மீற்றர் காற்றை, அதாவது ஒரு சாதாரண வீட்டின் இரண்டு அறைகளை, எரியக்கூடியதாக மாற்ற அந்த 3 கிலோ போதும்.

இன்னொரு விடயமும் உண்டு. இந்த வாயு புகையைப் போல மேலே எழுந்து கலைந்து போவதில்லை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு கனமானது. எனவே அது தண்ணீரைப் போல நிலத்தோடு நிலமாக ஓடி, பள்ளமான இடத்தைத் தேடித் தேங்குகிறது. யாழ்ப்பாணத்து வளவொன்றில் மிகப் பெரிய பள்ளம் எது? கிணறுதான். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கிணற்றடியில் வால்வைத் திறந்துவிடுபவர், உண்மையில் அந்த வாயுவுக்கு மிகவும் பொருத்தமான பாத்திரத்தைத் தேடிக் கொடுக்கிறார். கிணற்றுக்குள் தேங்கிய வாயுவுக்கு மேலே மின்சாரப் பம்பின் ஆளி ஒன்று போடப்பட்டால், அல்லது எவராவது ஒரு பீடித் துண்டை எறிந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மலக்குழி, வடிகால், நிலவறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வெயிலில் இரண்டு நாள் விட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. நிரம்பிய சிலிண்டரைவிட, வால்வைத் திறந்து வைத்த பழைய சிலிண்டர் ஏன் அதிக அபாயமானது என்பது எனக்கும் முதலில் புரியவில்லை. விடயம் இதுதான். தீப்பிடிக்க வாயு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மூடிய சிலிண்டருக்குள் வாயு மாத்திரமே இருப்பதால் உள்ளே எரிவதற்கு வழியில்லை. திரவம் தீர்ந்து, அமுக்கம் இறங்கி, திறந்த வால்வின் ஊடாகக் காற்று மெல்ல மெல்ல உள்ளே நுழையும்போதுதான் இரண்டும் கலந்து வெடிக்கக்கூடிய கலவையாகின்றன. அப்போது கிரைண்டரின் ஒரு தீப்பொறி போதும். சிலிண்டரின் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்த் தன்மையான கசடும் வெட்டும்போது சூடேறி மீண்டும் ஆவியாகும். "எத்தனையோ வெட்டியிருக்கிறோம்" என்பது அவர்களின் அதிர்ஷ்டத்துக்கான சான்றேயன்றி முறையின் பாதுகாப்புக்கான சான்றல்ல.

சரி, தராசில் வைத்தால் வெற்று எடையை மாத்திரமே காட்டும் சிலிண்டர்? அதுவும் வெறுமையானதல்ல. வீடுகளில் பாவிக்கப்படும் 12.5 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 26 லீற்றர். அடுப்பு அணைந்துபோன பிறகும் அந்த 26 லீற்றர் இடத்தை வாயுவே நிரப்பி நிற்கிறது. எடையில் அது சில பத்துக் கிராம்கள்தான். ஆனால் அதே 2 சதவீதக் கணக்கின்படி ஆயிரம் லீற்றருக்கும் அதிகமான எரியக்கூடிய கலவையை உருவாக்க அது போதும். "வெறும் சிலிண்டர்" என்று ஒன்றில்லை. அடுப்புக்கு உதவாத சிலிண்டர் என்று ஒன்றுதான் இருக்கிறது.

வீட்டுப் பாவனையில் உள்ள சிலிண்டரைக் காலி செய்வதற்கு ஒரேயொரு பாதுகாப்பான வழி உண்டு. வழமைபோல அடுப்பில் எரித்து முடிப்பதுதான் அது. கடைசிச் சொட்டையும் எடுத்துவிட வேண்டும் என்று சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைப்பதும், குலுக்குவதும், சுடுதண்ணீரில் இறக்குவதும் எங்கள் குசினிகளில் சர்வசாதாரணமாக நடப்பவை. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற 2022 இல் நானும் இதைச் செய்திருக்கிறேன். படுக்க வைத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் வரும். ரெகுலேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எரித்து முடித்ததும் வால்வை இறுக மூடி, அதன் மூடியைப் போட்டு, நிமிர்த்திய நிலையில் காற்றோட்டமான நிழலில், வடிகாலுக்கும் கிணற்றுக்கும் தூரமாக வைத்துவிட்டு, விற்பனை முகவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் அக்காவின் சிலிண்டரைப் போலத் துருப்பிடித்ததை அடுப்பில் பொருத்தவும் கூடாது. இறுகிப்போன வால்வைச் சுத்தியலால் தட்டுவதோ குறட்டினால் முறுக்குவதோ கூடவே கூடாது. கசிவு மணம் வந்தால் மின்சார ஆளிகளைப் போடவோ நிறுத்தவோ கூடாது. சுற்றியுள்ள நெருப்பை அணைத்து, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்றிய பின்னர் தொலைவில் நின்று உதவி கோர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் அறிந்துகொண்ட பிறகு, சிலிண்டரை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியே எஞ்சியது. முதலாவது முகவர், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். 2003 இல் அத்தான் வாங்கிய பற்றுச்சீட்டு இரண்டு இடப்பெயர்வுகளுக்கும் ஒரு புலம்பெயர்வுக்கும் பிறகு எங்கே இருக்கப் போகிறது? இரண்டாவது முகவர் சிலிண்டரின் படத்தைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, நிறம் தெரியாத சிலிண்டரைத் தான் பொறுப்பெடுத்தால் கம்பனி தன்னிடமிருந்து பொறுப்பெடுக்காது என்றார். உள்ளூராட்சி அலுவலகத்தில் பேசியபோது, அபாயகரமான பொருட்களைத் தங்களுடைய குப்பை வண்டியில் ஏற்ற முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரியானதே. குப்பையை அமுக்கி ஏற்றும் வண்டியில் எரிவாயு சிலிண்டர் அகப்படக் கூடாது. ஆனால் எங்கே கொண்டுசெல்வது என்று சொல்வதற்கு எவரும் இருக்கவில்லை. என்னிடம் விலை சொன்ன, ஏற்றிச் செல்ல வாகனத்துடன் வந்த, நன்றியும் சொன்ன ஒரேயொருவர் அந்த இரும்பு வியாபாரி மாத்திரமே.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கான காரணம் இதுவே. சிலிண்டரை வெட்டும் இளைஞரின் அறியாமையைப் பற்றிப் பேசுவது சுலபம். ஆனால் பாதுகாப்பான வழி மூடியிருக்க, ஆபத்தான வழி வாசல் வரை வந்து காசும் கொடுக்கும் ஒரு நாட்டில், மக்கள் எந்த வழியைத் தெரிவுசெய்வார்கள் என்பதில் என்ன ஐயம்?

அன்றிரவு அக்காவுடன் தொலைபேசியில் பேசினேன். "தம்பி, இஞ்சை பத்து வருசம் கடந்த சிலிண்டரை நிரப்பவே மாட்டினம்" என்றார். கனடாவில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இறைச்சி வாட்டும் அடுப்புகளுக்குப் பாவிக்கும் புரோப்பேன் சிலிண்டர்களில் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். பத்து வருடங்கள் கடந்தால் மீளப் பரிசோதித்துச் சான்றுபடுத்தாமல் நிரப்ப முடியாது. கழிக்க வேண்டியதை நகரசபையின் அபாயகரமான கழிவுப் பொருட்கள் சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். குப்பைத் தொட்டியில் போடுவது தவறு என்பது அங்குள்ள எங்கள் உறவினர்களில் பலருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தத் தெளிவும் சும்மா வந்ததல்ல. 2008 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அதிகாலை டொரன்டோவின் டவுன்ஸ்வியூ பகுதியில் புரோப்பேன் நிலையமொன்று வெடித்துச் சிதறியது. ஒரு தாங்கி லொறியிலிருந்து இன்னொரு லொறிக்கு வாயுவை மாற்றியபோது நேர்ந்த விபத்து அது. ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டார். தீயணைப்பு வீரர் ஒருவர் கடமையின்போது மாரடைப்பினால் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஒரு கொள்கலனிலிருந்து வாயுவை வெளியே எடுப்பது, அதற்கென்றே இயங்கிய நிலையமொன்றிலேயே அவ்வளவு ஆபத்தானதாக இருந்திருக்கிறது என்றால், ஒரு வீட்டு முற்றத்தில் அதைச் செய்து பார்ப்பதைப் பற்றி என்ன சொல்வது?

அயல்நாடான இந்தியாவிலும் ஒவ்வொரு வீட்டுச் சிலிண்டரிலும் அடுத்த பரிசோதனைக்குரிய காலம் எழுதப்பட்டிருக்கும். ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துக்கள் வருடத்தின் நான்கு காலாண்டுகளைக் குறிக்க, அவற்றைத் தொடர்ந்து வரும் இரண்டு இலக்கங்கள் வருடத்தைக் குறிக்கின்றன. தமிழ்நாட்டு வாசகர்கள் தங்களது குசினிச் சிலிண்டரை இன்றே ஒரு தடவை பார்க்கலாம். பிரித்தானியாவின் பிரதான கம்பனி ஒன்று, சிலிண்டர் எக்காலத்திலும் தனக்கே சொந்தமானது என்றும் பாவனையாளர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் உடன்படிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. எரிவாயுவை வாங்கியவர் மக்கள். ஆனால் அந்த இரும்புக் கொள்கலனின் பிறப்புக்கும் இறப்புக்கும் பொறுப்பு அதை வீதிக்கு விட்டவருடையது.

அந்த இறப்புக்கும் ஒரு முறை இருக்கிறது. எரிவாயு நிரப்பும் நிலையத்தில், எஞ்சியிருக்கும் திரவத்தையும் வாயுவையும் மூடிய குழாய்களின் வழியாக வேறு கொள்கலனுக்கு உறிஞ்சி எடுக்கிறார்கள். அதன் பின்னரே வால்வு கழற்றப்படுகிறது. உள்ளே தண்ணீரை நிரப்பி, ஒட்டியிருக்கும் வாயுவையும் வெளியேற்றுகிறார்கள். பிறகு எவரும் மீண்டும் நிரப்ப முடியாதவாறு நசுக்கி அல்லது வெட்டி உருக்காலைக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் நிரப்பும் கட்டத்தை மாத்திரம் கேள்விப்பட்டு வீட்டில் செய்து பார்ப்பவர்களும் உண்டு. அமுக்கத்தில் இருக்கும் சிலிண்டரின் வால்வைக் கழற்றினால் அது துப்பாக்கிச் சன்னத்தைப் போலப் பறக்கும் என்பதையும், பீறிட்டு வரும் திரவம் தோலை உறைய வைத்துப் புண்ணாக்கிவிடும் என்பதையும் அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

இது அக்காவின் வீட்டுப் பிரச்சினை மாத்திரமல்ல. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ எரிவாயுவின் விலை 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. ஒரு கம்பனியின் எரிவாயு கிடைக்காதபோது மற்றதன் சிலிண்டரை வாங்கியவர்கள், பயத்தில் மின்சார அடுப்புக்கு மாறியவர்கள், விறகுக்குத் திரும்பியவர்கள், கதவைப் பூட்டிவிட்டு நாட்டைவிட்டே வெளியேறியவர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள் சிலிண்டர்களைப் பின்வாசலில் விட்டுவிட்டன. கம்பனிகளின் பெயர்களும் மாறின. 1995 இல் பன்னாட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்ட கொழும்பு எரிவாயுக் கம்பனி 2010 இல் மீண்டும் அரசுக்கு வாங்கப்பட்டு வேறு பெயர் பெற்றது. உரிமையாளரின் பெயர் மாறினாலும் இரும்பு துருப்பிடிப்பதை நிறுத்துவதில்லை.

எங்களைப் போன்ற பத்திரிகையாளர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். 2021 இல் பாதுகாப்பு அறிவுறுத்தல்களைத் தமிழில் வெளியிட்டபோது ரெகுலேட்டருக்கு "அமுக்கச் சீராக்கி" என்று எழுதினோம். மறுநாள் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்த வயதான அம்மையார் ஒருவர், "தம்பி, அந்தச் சாமான் எங்கடை அடுப்பிலை இல்லை, கடையிலை வாங்க வேணுமோ?" என்று கேட்டார். தமிழ்ப்பற்று நல்லதுதான். ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட அறிவுறுத்தல் குசினியில் பேசப்படும் சொல்லில் இருக்க வேண்டும். வெடிப்புகள் நடந்த இரண்டு மாதங்களும் முன்பக்கத்தில் எழுதிய நாங்கள், அதன் பிறகு பழைய சிலிண்டர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு பத்தியேனும் எழுதவில்லை. வெடித்தால் செய்தி, வெடிக்காமல் கிடந்தால் செய்தியில்லை என்பதே எங்கள் தொழிலின் பழக்கமாகிவிட்டது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பற்றுச்சீட்டோ நிறமோ பார்க்காமல் எந்தப் பழைய சிலிண்டரையும் முகவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்றும், அதைக் கம்பனிகள் அவர்களிடமிருந்து மீளப் பெற்றேயாக வேண்டும் என்றும் நுகர்வோர் அதிகாரசபை உத்தரவிட வேண்டும். அதற்குக் கொடுக்கப்படும் தொகை இரும்பு வியாபாரி கொடுப்பதைவிட ஒரு ரூபாவேனும் அதிகமாக இருக்க வேண்டும். பிரதேச சபைகள் வருடத்தில் ஒரு நாளைக் குறித்து, கம்பனிகளின் வாகனங்களை ஊருக்கு அழைக்க வேண்டும். பழைய இரும்பு சேகரிப்பவர்களை எதிரிகளாகப் பார்க்காமல், வெட்டாமல் கொண்டுவந்து ஒப்படைத்தால் அவர்களுக்கும் அதே தொகை என்று அறிவிக்க வேண்டும். எந்த வீட்டில் எந்த மூலையில் சிலிண்டர் கிடக்கிறது என்பது அதிகாரிகளைவிட அவர்களுக்கே நன்கு தெரியும்.

அக்காவின் சிலிண்டர் எப்படிப் போனது என்று வாசகர்கள் கேட்கலாம். கொழும்பில் எனக்கு அறிமுகமான ஒருவர் வேறொருவருடன் பேச, அவர் யாழ்ப்பாணத்தில் உள்ள இன்னொருவருக்குச் சொல்ல, ஐந்தாம் நாள் திறந்த லொறியொன்று வந்தது. சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டி ஏற்றிச் சென்றார்கள். முப்பது வருடங்களாகப் பத்திரிகைத் துறையில் இருந்ததன் பயனாக எனக்கு அது கிடைத்தது. தொலைபேசியில் அழைப்பதற்குக் கொழும்பில் எவரும் இல்லாதவர் என்ன செய்வார்? 700 ரூபாவுக்கு அதைப் படலையடியில் கொடுத்துவிடுவார். அதைத்தான் அவரால் செய்யவும் முடியும்.

அன்று அந்த இளைஞர் புறப்படும்போது தராசில் கண்ட எடையை அவருக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் வெட்டினதுகள்?" என்று கேட்டார். இனிமேல் வெட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு முடிந்தது. அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்ல முடியவில்லை. அந்த விலாசத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியவர்கள் எரிவாயுவை விற்பவர்களும் அவர்களை மேற்பார்வை செய்பவர்களுமே. அவரது லொறி நாளைக்கும் ஏதோவொரு வீட்டுப் படலையில் நிற்கப் போகிறது.